கடற்பசுவைக் காக்க வர்த்தமானி போதாது

இலங்கையில் கடற்பசுவைக் கொல்வது 1970ஆம் ஆண்டு முதல் குற்றம். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் வரிசையில் சேர்த்தது. கடல்வாழ் பாலூட்டிகளை மண்டா எறிந்து பிடிப்பதை 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் தடுத்தன. தங்கூசி வலைக்குத் தடை, டைனமைட்டுக்குத் தடை, 2017இல் இழுவைமடிக்கும் தடை. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இந்த விலங்குக்குக் குறை எதுவும் தெரியாது. ஆனால் கடற்பன்றி என்றும் ஆவுளியா என்றும் கரையோர மக்கள் அழைக்கும் இந்தச் சாது, ஒரு காலத்தில் மந்தையாக மேய்ந்த மன்னார்க் கடலில் இன்று அரிதாக ஒன்றிரண்டாகத்தான் தென்படுகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலான தடை ஏன் பலிக்கவில்லை? வேட்டையாடுகிறவனைப் பிடிக்கும் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அந்தியில் விரித்து விடியலில் எடுக்கும் வலையில், யாரும் விரும்பாமலே நேரும் சாவைக் குறைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அந்த ஏற்பாட்டைக் கரையில் தொழில் செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் உருவாக்க முடியும். கொழும்பில் வரைபடத்தின் மேல் கோடு கிழித்து உருவாக்க முடியாது. மன்னாரின் தென்கரையிலுள்ள மறிச்சுக்கட்டியின் அண்மைக்கால வரலாறே அதற்குச் சாட்சி.

அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் என்று தெற்கே நீண்டு வில்பத்துக் காட்டையும் போர்த்துக்கல் குடாவையும் தொடும் இந்தக் கரைக்கு முன்னே இருப்பது ஆழங்குறைந்த கடல். வெயில் அடித்தரை வரை இறங்கும் இடங்களில் கடற்புல் வளர்கிறது. கடற்பசு அந்தப் புல்லை மேய்ந்து வாழ்கிறது. வளர்ந்த விலங்கொன்று நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோகிராம் வரை தின்னும். அதே புற்றரைதான் இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் ஓரா மீனுக்கும் தொட்டில். ஆகவே மேய வரும் விலங்கும் உழைக்க வரும் மனிதனும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். இந்தச் சந்திப்பில் தோற்பது எது என்பதைக் கடற்பசுவின் பிறப்புக் கணக்கே சொல்லிவிடும். பெண் விலங்கு முதற்கன்று ஈன ஆறு வயதாவது ஆக வேண்டும். சிலவற்றுக்குப் பதினேழு வயது வரை செல்லும். ஓராண்டுக்கும் மேலான சினைக்குப் பின் ஒரே ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எழுபது ஆண்டு வரை வாழக்கூடிய விலங்குதான். ஆனால் எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பெருகாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நூறு கடற்பசு உள்ள கடலில் ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் வலையில் மாண்டால் கூட்டம் தேயத் தொடங்கிவிடும். நிலைமை சாதகமாக இல்லாத கடலில் ஒன்றிரண்டே போதும்.

வலையில் மாள்வது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் தீர்வின் திசையும் தெரியும். மீனைப்போல் இதற்குச் செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். திருக்கைக்காக அடியில் தாழவிடும் பெருங்கண் வலை இரவு முழுவதும் ஆளில்லாமல் கிடக்கிறது. மேய வந்த விலங்கு துடுப்பையோ வாலையோ அதில் சிக்கவைத்து உருளுகிறது. உருள உருள வலை இறுகுகிறது. மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. விடியலில் வலை இழுப்பவர் காண்பது பிணத்தை. அதே வலை பகலில், ஆள் பார்வையில், இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் கிடந்திருந்தால் உயிரோடு அவிழ்த்துவிட வாய்ப்பிருந்திருக்கும். அதே வலை புற்றரையை விட்டு விலகி விரிக்கப்பட்டிருந்தால் சிக்கவே வாய்ப்புக் குறைவு. ஆக, இந்தச் சாவை முடிவுசெய்பவை மூன்று: வலை எங்கே கிடக்கிறது, எந்நேரம் கிடக்கிறது, எவ்வளவு நேரம் ஆளில்லாமல் கிடக்கிறது. வலை விரித்தவரின் மனம் நல்லதா கெட்டதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

நம் சட்டமோ மனத்தைத்தான் தேடுகிறது. அதுவும் தவறான இடத்தில். செத்த கடற்பசுவை வலையில் கண்ட தொழிலாளிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கரைக்குக் கொண்டுவந்து அறிவித்தால் விசாரணை, வழக்கு, படகும் வலையும் பறிபோகும் அச்சம். கடலிலேயே அறுத்து அமிழ்த்தினால் வலை மட்டுமே நட்டம். இரகசியமாக இறைச்சியாக்கினால் கையில் காசு. மூன்றில் சட்டத்துக்கு உகந்த வழியே அவருக்கு மிகவும் ஆபத்தான வழியாக இருக்கிறது. இப்படி ஏற்பாடு செய்துவிட்டு, எவ்வளவு விலங்கு சாகிறது என்ற எண்ணிக்கை கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. எண்ணிக்கை இல்லாத இடத்தில் எந்த வலை, எந்த மாதம், எந்தப் புற்றரை என்ற கேள்விகளுக்கு விடை கிடையாது. விடை இல்லாததால் அதிகாரிகள் பொதுத் தடையை நாடுகிறார்கள். பொதுத் தடை மேலும் மௌனத்தை வளர்க்கிறது. தண்டனையைக் கூட்டினால் இந்தச் சுழல் இன்னும் இறுகும்.

இதைச் சொல்லும்போது மறிச்சுக்கட்டி அடங்கிய முசலிப் பிரதேசத்தின் காட்டு விவகாரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மறிச்சுக்கட்டி மக்களும் வீடும் வள்ளமும் விட்டுப் புத்தளம் பக்கம் போனார்கள். போர் முடிந்து 2009க்குப் பின் திரும்பியபோது ஊர் இருந்த இடத்தில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியில் பெரும் நிலப்பரப்பு வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாக்கப்பட்டது. 2017 மார்ச்சில் ஏறத்தாழ 40,000 ஹெக்டயரை மாவில்லு பாதுகாப்புக் காடாக அறிவிக்கும் வர்த்தமானியில் அன்றைய ஜனாதிபதி ரஷ்யப் பயணத்தின்போது கையெழுத்திட்டார்; மறிச்சுக்கட்டியில் மக்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மறுபுறம், மீள்குடியேற்றத்தின் பெயரால் காடு அழிக்கப்பட்டதும் உண்மை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மரம் மீள்நடுகைக்கு உத்தரவிட்டது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்ற வழக்கு இங்கே தேவையில்லை. ஒன்று மட்டும் தெளிவு: அங்கு வாழ்கிறவர்களைக் கேட்காமல் போட்ட கோடு காட்டையும் முழுதாகக் காக்கவில்லை, மக்களின் நம்பிக்கையையும் காக்கவில்லை. முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டு, ஊர் கடற்படை முகாமானதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் ‘பாதுகாப்பு’ என்று தொடங்கும் எந்த அறிவிப்பும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படும். அந்தச் சந்தேகம் அறியாமையால் வந்ததன்று, அனுபவத்தால் வந்தது.

கடலுக்கும் இதே பாடம் பழையதொன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக்கான பாளையம் மறிச்சுக்கட்டிக் கரையில்தான் அமைந்தது. 1905ஆம் ஆண்டுச் சலாபம் வரலாறு காணாத வருமானத்தைக் கொடுத்தது. மறு ஆண்டே பிரித்தானிய அரசு முழு உரிமையையும் ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் முத்துப் பார்கள் வெறுமையாகி, கம்பனி கலைந்து, நெடுங்காலம் சலாபமே நடக்கவில்லை. தூரத்திலிருந்து கணக்குப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடலின் போக்குப் பிடிபடவில்லை. கடலைக் காக்க வருகிறவர்களும் அதே தூரத்தில் நின்று கணக்குப் பார்த்தால் விளைவு வேறாக இருக்காது.

முதலில் செய்ய வேண்டியது, அச்சமின்றி அறிவிக்கும் வழி திறப்பது. வலையில் தற்செயலாகச் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவித்தாலும், செத்ததை அறுக்காமல் முழுதாக ஒப்படைத்தாலும் வழக்கில்லை என்று வனசீவராசிகள் திணைக்களமும் கடற்றொழில் திணைக்களமும் சேர்ந்து எழுத்தில் உறுதி தர வேண்டும். விலங்கை விடுவிக்க வெட்டிய வலைக்கு ஈடும் தர வேண்டும். வேட்டைக்காரனும் ‘தற்செயல்’ என்று தப்பிவிடுவானே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு நிபந்தனைகள் போதும்: அன்றே அறிவித்தல், இறைச்சி ஒரு துண்டும் குறையாமை, அனுமதிபெற்ற வலை, அனுமதிபெற்ற இடம். டைனமைட் வைத்தவனும் இறைச்சி விற்றவனும் இந்தக் கதவால் நுழைய முடியாது. அவர்களுக்குச் சட்டம் இன்றுபோலவே கடுமையாக இருக்கட்டும். எதிர்க்கரையில் இது நடந்துகொண்டிருக்கிறது. இந்தியாவிலும் கடற்பசு சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள விலங்குதான். இருந்தும் தமிழ்நாட்டில், சிக்கியதை உயிரோடு விடுவித்துப் படம் எடுத்து அனுப்பும் மீனவருக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் கடற்பசு மீட்புத் திட்டம் மீனவரையே தகவல் தருவோராக்கியது. 2022 செப்டெம்பரில் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தபோது அந்தத் தகவல்கள் பின்பலமாக இருந்தன.

இரண்டாவது, வலைக்கான இடமும் நேரமும். சோழகம் ஓய்ந்து கடல் தணியும் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் வெளியூர்த் தொழிலாளரும் வந்து வாடி அடிப்பார்கள், வலைகள் பெருகும். எந்தப் புற்றரையில் எந்த மாதம் கடற்பசு மேய்கிறது என்பது கரையில் தொழில் செய்யும் மூத்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் இடங்களை வைத்து, நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவின் ஆய்வாளர்கள் சரிபார்த்து, ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கமும் தன் எல்லைக்குள் சில திட்டுகளை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அங்கே திருக்கை வலை இரவில் வேண்டாம். பகலில் விரித்தால் படகு பக்கத்திலேயே நிற்கட்டும். முழுக் கடலையும் மூடும்படி யாரும் கேட்கவில்லை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 1990களின் பிற்பகுதியில் பதினாறு கடற்பசுப் பாதுகாப்புப் பகுதிகளை வகுத்தபோது சிலவற்றில் செவுள் வலையை அறவே நீக்கியது. சிலவற்றில் வலையின் நீளத்தையும் கவனிப்பையும் மட்டும் கட்டுப்படுத்தியது. தொழில் இழந்தவர்களுக்கு ஈடு கொடுத்தது. பணக்கார நாட்டுக்கு அது எளிது என்பார்கள். உண்மைதான். ஆனால் இடத்தைத் தேர்ந்து கட்டுப்படுத்துவது முழுத் தடையை விட மலிவு என்பது ஏழை நாட்டுக்கு இன்னும் முக்கியமான செய்தி.

ஏதாவது ஒரு கருவியை வலையில் மாட்டிவிட்டால் சிக்கல் தீராதா என்று கேட்பவர்களும் உண்டு. சில விலங்குகளுக்குத் தீரும். அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் 1994இல் நடந்த சோதனையில், ஒலியெழுப்பும் சிறு கருவி கட்டிய வலைகளில் போர்ப்பொயிஸ் இன ஓங்கில்கள் சிக்குவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது. பாக்கிஸ்தானின் சூரை வலைகளை நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீற்றர் கீழே இறக்கியபோது ஓங்கில், திமிங்கிலச் சாவுகள் முக்கால் பங்கு குறைந்தன. நெடுநாட் படகுகளில் ஆழ்கடல் செல்லும் நம்மவர்களுக்கு இது உடனே பயன்படும் பாடம். இந்து சமுத்திரச் சூரை வலைகளில் 1950 முதல் 2018 வரை நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு திமிங்கில இன விலங்குகள் மாண்டதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கணக்கில் இலங்கையின் பங்கு சிறிதன்று. ஆனால் கடற்பசு வேறு. அவுஸ்திரேலியாவின் மோர்ட்டன் குடாவில் ஒலிக் கருவியை வைத்துச் சோதித்தபோது கடற்பசுக்கள் அதைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. வலையை இரண்டு மீற்றர் இறக்குவதும் அடித்தரையில் மேய்கிற விலங்குக்கு உதவாது. ஒரு கடலுக்குப் பொருந்திய மருந்தை இன்னொரு கடலுக்கு எழுதித் தரக்கூடாது. இங்கே மருந்து இடமும் நேரமும்தான்.

வறுமையில் வாழும் தொழிலாளியின் வயிற்றில் அடித்து விலங்கைக் காப்பதா என்பதே எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வக்கீற்றா என்ற சிறு ஓங்கில் இனம் 1997இல் ஏறத்தாழ 570 இருந்தது. இன்று ஏறத்தாழப் பத்து மட்டுமே. 2015இல் அரசு செவுள் வலையைத் தடைசெய்து ஈட்டுப்பணமும் வழங்கியது. பணம் அனுமதிப்பத்திரம் வைத்திருந்த சிலரின் கையில் குவிந்தது. கூலிக்குக் கடலுக்குப் போனவருக்கு எட்டியது கொஞ்சம். வேறு வலையோ வேறு தொழிலோ நேரத்துக்குக் கிடைக்கவில்லை. சீனச் சந்தையில் பெருவிலை போகும் மீன் காற்றுப்பையின் கள்ள வாணிபம் தடையை விழுங்கியது. இதிலிருந்து நமக்குள்ள பாடம், ஈடு என்பது சம்மாட்டியோடு நின்றுவிடக்கூடாது, வலை இழுக்கும் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது. 2015 முதல் சில ஆண்டுகள் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் எட்டு நாடுகளில் நடந்த கடற்பசு, கடற்புல் பாதுகாப்புத் திட்டத்தில் இலங்கையும் இருந்தது. கேடான வலையைக் கைவிடுகிற குடும்பங்களுக்கு மாற்று வருமானம் தருவது அதன் வழிகளில் ஒன்று. திட்டக்காலம் முடிந்ததும் அந்தப் பொறுப்பை அரசின் ஆண்டுச் செலவினத்துக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். விலங்கின் ஆயுள் எழுபது ஆண்டு. திட்டத்தின் ஆயுள் நான்கு ஆண்டு என்றால் கணக்கு எப்படி ஒத்துவரும்?

வயிற்றுப்பாடு என்ற வாதம் இன்னொரு பக்கமாகவும் வெட்டும். வடமேற்குக் கரையின் நீல நண்டு பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையை நம்பிப் பிடிக்கப்படுகிறது. ஏற்றுமதி செய்யும் நாடு தன் மீன்பிடியில் கடல்வாழ் பாலூட்டிகள் மாள்வதைத் தங்கள் நாட்டுக்கு நிகரான முறையில் கட்டுப்படுத்துவதாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கா 2016இல் விதி இயற்றியது. பலமுறை தள்ளிப்போட்டு 2026 ஜனவரி முதலாம் திகதியை நடைமுறை நாளாக அறிவித்தது. பெரிய நாட்டின் விதியைச் சிறிய நாட்டின் தொழிலாளி மீது சுமத்துவது நியாயமா என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த விதி முதலில் கேட்பது எண்ணிக்கையை: எந்த வலையில், எத்தனை, எங்கே? மௌனத்தில் வாழும் ஒரு கரையால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் இல்லாவிட்டால் நட்டம் முதலில் நண்டு வலை இழுப்பவரைச் சேரும். அறிவிக்கும் ஏற்பாடு கடற்பசுவைப் போலவே அவரையும் காக்கும்.

‘எங்கள் திருக்கை வலையைப் பேசுகிறீர்களே, எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளை ஏன் பேசவில்லை?’ என்ற கேள்வி மன்னாரில் எழாமல் இருக்காது. அது சரியான கேள்வி. இழுவைமடி கடற்புல்லை வேரோடு கிளறுகிறது. மேய்ச்சல் தரை போனால் வலையில் சிக்காத கடற்பசுவுக்கும் வாழ்வில்லை. நம்முடைய 2017ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் வடக்குக் கரை மக்களின் நீண்ட போராட்டத்தில் பிறந்தது. அதைத் தளர்த்தவே கூடாது. 1974, 1976 உடன்படிக்கைகள் வகுத்த கடல் எல்லை விலங்குக்குத் தெரியாது என்பதால் இரு நாட்டு ஆய்வாளரும் ஒரே கணக்கேட்டை வைத்திருப்பதும் அவசியம். ஆனால் மறிச்சுக்கட்டிக்கு நேரே, கரையோரத் தாழ்நீரில், இரவில் தாழவிட்ட வலை நம்முடையது. டில்லியும் கொழும்பும் இணங்கும்வரை காத்திருக்க வேண்டிய வேலை ஒன்று. நாமே நாளை தொடங்கக்கூடிய வேலை இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தள்ளிப்போடுவது நம் கடலுக்கு நாமே செய்யும் வஞ்சனை.

எஞ்சியிருப்பது கொஞ்சம்தானே, இனி என்ன செய்து என்ன பயன் என்ற சலிப்பும் ஓர் ஆட்சேபமாகவே பேசப்படுகிறது. அது விலங்கின் மீதான இரக்கம்போல் தோன்றினாலும் செயலின்மைக்கான சாக்கு. தென்சீனக் கடற்கரையில் கடற்பசு இனிப் பெருக முடியாத அளவுக்கு அற்றுவிட்டதாக 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2008க்குப் பின் அங்கே நம்பத்தகுந்த சான்று இல்லை. அங்கும் சட்டப் பாதுகாப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. கடற்பசுவின் நெருங்கிய உறவான ஸ்டெல்லர் கடற்பசு 1741இல் கண்டறியப்பட்டு, இருபத்தேழே ஆண்டுகளில் வேட்டையால் பூண்டோடு போனது. ஒரு கூட்டம் சிறுத்துவிட்டால் ஒவ்வொரு சாவின் எடையும் கூடுகிறது. அதே காரணத்தால் தடுக்கப்படும் ஒவ்வொரு சாவின் பயனும் கூடுகிறது.

எனவே கேட்கப்படுவது சிறிது, செய்யக்கூடியது. அடுத்த ஒக்டோபரில் வாடிகள் அடிக்கப்படுவதற்கு முன், அரிப்பு முதல் முள்ளிக்குளம் வரையான கடற்றொழிலாளர் சங்கங்களையும் இரு திணைக்களங்களையும் கடற்படையையும் முசலிப் பிரதேச செயலகத்தில் கூட்ட வேண்டும். மூன்று விடயங்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும்: அறிவிப்பவருக்கு வழக்கில்லை, குறித்த புற்றரைகளில் இரவு வலை இல்லை, வெட்டிய வலைக்கு ஈடு உண்டு. ஒரு பருவம் கழித்து மீண்டும் கூடி, பலித்ததை வைத்துக்கொண்டு பலிக்காததை மாற்ற வேண்டும். வர்த்தமானி தேவைப்பட்டால் அந்த உடன்பாட்டுக்குப் பின்னால் வரட்டும், முன்னால் வேண்டாம். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை. மன்னார் மாவட்டச் செயலாளரின் ஓர் அழைப்புக் கடிதம் போதும்.